எட்டயபுரத்து அச்சுக்கூடமும் ஒரு கத்தோலிக்க முதலியாரும்

நூற்றெட்டு ராகம், நூற்றெட்டுத் தாளம், எல்லாம் ஒரே பாட்டுக்குள். ராமஸ்வாமி தீட்சிதர் (1735–1817) அப்படி ஒரு ராகதாளமாலிகையைச் செய்துவைத்தார். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் தகப்பனார் இவர். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் என்று பெயர் பெற்றவர். அவருக்குப் பேரன் முறையாகும் சுப்பராம தீட்சிதர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாலிகையை அச்சுக்குக் கொடுக்க உட்கார்ந்தபோது, அறுபது சொச்சம் ராகங்கள்தான் மிஞ்சியிருந்தன. மிச்சம் போயே போய்விட்டது.

பாட்டு பிறந்த வீட்டிலேயே இந்தக் கதி. அந்தக் குடும்பத்தில் இசையை விட்டு விலகிப் போனவர்களும் இல்லை. பிள்ளைகள், பேரன் எல்லாருமே வித்வான்கள். அப்படியிருந்தும் மூன்று தலைமுறைக்குள் பாதிக்குக் கிட்ட உதிர்ந்துவிட்டது. வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து விரலுக்கு என்று போகும் மரபில் இது அதிசயமில்லை. அப்படியென்றால் முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் எப்படி இருநூறுக்கு மேல், அதுவும் கமகத்தோடு (ஸ்வரங்களின் அசைவு, நெளிவு, வழுக்கல் எல்லாவற்றோடும்), நம் கைக்கு வந்து சேர்ந்தன?

கச்சேரி கேட்கிறவர்களிடம் கேட்டால் 'சம்பிரதாயம் காப்பாற்றியது' என்பார்கள். பாதி உண்மைதான். மற்ற பாதியில் சென்னை தலைமைச் செயலக உத்தியோகஸ்தர் ஒருவரும், புதுப்பேட்டையில் இருந்த 'ஆவே மரியா' அச்சுக்கூடமும், நஷ்டத்தில் முடிந்த ஒரு பத்திரிகையும் வருகின்றன. அந்தப் பாதியைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். திருவாரூரில் இருந்த தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலிக்குக் குடிபோனது. அழைத்துப் போனவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அவருக்குப் பின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துபாஷி (மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாள்) வேலை பார்த்த குடும்பம் என்பதால் ஜார்ஜ் கோட்டைக்குள் போய்வரும் வசதி அவர்களுக்கு இருந்தது. கோட்டையில் வாசித்த பாண்டு கோஷ்டியின் இசை தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகள் காதில் விழுந்தது அப்படித்தான். தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) வெள்ளைக்காரர் ஒருவரிடம் மூன்று வருஷம் பிடில் கற்றுக்கொண்டு, அதை நம் பாட்டுக்கு வளைத்துக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் பெயரும் இந்த இடத்தில் சொல்லப்படுவதுண்டு. அவரும் முத்துஸ்வாமி தீட்சிதரின் சீடர்தான். ஆகமொத்தம் பிடில் இந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் உள்ளே வரவில்லை.

அண்ணன் முத்துஸ்வாமி வேறு ஒரு காரியம் செய்தார். பாண்டில் கேட்ட மெட்டுகளை அப்படியே எடுத்து, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதினார். 'நோட்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயரோடு 'நொட்டு ஸ்வர சாகித்யம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதுதான் இது. 'ஸந்ததம் பாஹிமாம் ஸங்கீத ச்யாமளே' என்பதைப் பாடிப் பார்த்தால் இங்கிலாந்து ராஜாவைக் கடவுள் காக்கட்டும் என்ற கீதத்தின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி' ஓர் ஐரிஷ் மெட்டு. 'பீதவர்ணம் பஜே' பாரசீக கஜல் ஒன்றிலிருந்து வந்தது. எல்லாமே சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், அசைவு குலுக்கல் எதுவும் இல்லாமல், படிக்கட்டில் கால் வைத்து ஏறுவதுபோல் போகும்.

நொட்டுவின் கதை பலருக்குத் தெரியும், யூடியூபிலும் நிறையக் கிடைக்கிறது. மேற்கத்திய இசையின் தொடர்பு தீட்சிதர் வீட்டில் விட்டுப்போன தடம் என்றால் எல்லாரும் இதைத்தான் காட்டுவார்கள். அதைவிட ஆழமான தடம் எண்பது தொண்ணூறு வருஷம் கழித்து விழுந்தது. அதில் பாட்டு எதுவும் கிடையாது. பாட்டை எழுதிவைக்க வேண்டும் என்கிற பிடிவாதம் மட்டும்தான்.

பிடிவாதக்காரரின் பெயர் ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார். எம்.ஏ. படித்தவர். சென்னை தலைமைச் செயலகத்தில் சூப்பரிண்டெண்டெண்ட். மதத்தால் ரோமன் கத்தோலிக்கர். மேற்கத்திய இசையை முறையாகக் கற்றவர், கர்நாடக சங்கீதத்திலோ தீராத பித்து. ஐந்து கோடு போட்டு எழுதப்பட்ட காகிதத்தைப் பிரித்து, முன்பின் கேட்டிராத ஒரு பாட்டை அப்படியே வாசிக்கலாம் என்பதைப் பழகிய கை அவருடையது. அந்தக் கண்ணோடு நம் பக்கம் பார்த்தால் வயிற்றைக் கலக்காதா? ஒரு வித்வான் கண்ணை மூடினால் அவரோடு ஐம்பது உருப்படி போய்விடுகிறது. இருக்கிறவர்களும் ஆளுக்கொரு பாடாந்தரம் (தாங்கள் கற்ற பாடும் வழி) வைத்திருக்கிறார்கள்.

அவர் வேலையைத் தியாகராஜரிலிருந்து தொடங்கினார். தியாகராஜரின் நேர் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவருடைய மகன் கிருஷ்ணஸ்வாமி பாகவதரைப் பிடித்து, பாடச் சொல்லிக் கேட்டு, நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை அந்த ஐந்து கோட்டு முறையில், அதாவது ஸ்டாஃப் நொட்டேஷனில், எழுதினார். 1893 வாக்கில் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்ற பெயரில் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். புதுப்பேட்டை ஆவே மரியா அச்சுக்கூடம் இங்கேதான் வருகிறது. மாதாவின் பெயர் தாங்கிய அச்சுக்கூடத்திலிருந்து ராம பக்திக் கீர்த்தனைகள் வெளிவந்தன. அதில் அவருக்கு எந்த முரணும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பத்திரிகை ஓடவில்லை. ஓடியிருந்தால்தான் ஆச்சரியம். ஐந்து கோட்டைப் படிக்கத் தெரிந்த வித்வான் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? படிக்கத் தெரிந்த துரைமார்களுக்கு தோடியும் பைரவியும் எதற்கு? வாங்க வேண்டியவர்களுக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேண்டாம். நடுவில் முதலியாரின் சொந்தப் பணம் கரைந்தது. கண் பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது.

வியாபாரத்தை விடுங்கள், சங்கீதத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டாஃப் நொட்டேஷன் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு புள்ளியாக வைக்கும். இந்த உயரம், இவ்வளவு நேரம், அடுத்த புள்ளி. நம் பாட்டில் உயிர் இருப்பதோ இரண்டு புள்ளிக்கு நடுவில். தோடி ராகத்தின் காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) ஓரிடத்தில் நிறுத்திப் புள்ளி வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். அது நிற்பதே இல்லை, அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் இடம். அதைப் புள்ளியாக்கினால் கிடைப்பது தோடியின் எலும்புக்கூடு. முதலியாருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. இருந்தாலும் எலும்புக்கூடாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

தியாகராஜருக்கு அடுத்து தீட்சிதர். தியாகராஜருக்காவது வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீடர் கூட்டங்கள் ஊர் ஊராக இருந்தன. தீட்சிதரின் சீடர்கள் வேறு வகை. கோயிலிலும் சதிர் ஆட்டத்திலும் நாகஸ்வரத்திலும் சிதறிக் கிடந்தவர்கள். கிருதிகளும் லேசானவை அல்ல. சௌக்க காலம் என்கிற மெதுவான நடை, சம்ஸ்கிருதம், வீணையின் மேல் உட்கார்ந்து செய்த அமைப்பு. மொத்தமாக ஒரே இடத்தில் வைத்திருந்தவர் என்றால் எட்டயபுரத்தில் ஒருவர்தான்.

அந்த எட்டயபுரத் தொடர்பு பாலுஸ்வாமியால் வந்தது. அவர் அந்த அரண்மனையின் ஆஸ்தான வித்வான் ஆனார். தம்பியைப் பார்க்கத் தெற்கே வந்த முத்துஸ்வாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று அங்கேயே காலமானார், சமாதியும் அங்கேதான். பாலுஸ்வாமிக்கு ஆண் வாரிசு இல்லாததால் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் சுப்பராம தீட்சிதர், பிறந்தது 1839இல்.

பையனைப் பற்றி ஒரு கதை உண்டு. பதினேழு வயதில் தர்பார் ராகத்தில் ஒரு வர்ணம் செய்து ராஜா முன் பாடினான். ராஜாவுக்கு சந்தேகம், இது தாத்தா செய்துகொடுத்ததாக இருக்குமோ என்று. யமுனாகல்யாணியில் ஒரு ஜதிஸ்வரம் செய், தாத்தாவோடு பேசக்கூடாது என்று நிபந்தனை போட்டார். பையன் செய்துகாட்டிவிட்டான். சால்வை கிடைத்தது, பிறகு ஆஸ்தானத்தில் இடமும் கிடைத்தது.

சின்னஸ்வாமி முதலியார் பிடித்தது இந்த சுப்பராம தீட்சிதரைத்தான். சென்னைக்கு வரவழைத்தார், தீட்சிதர் பாட, முதலியார் எழுதினார். சாஸ்திரோக்தமான ஒரு சமஸ்தான வித்வானும் மேற்கத்திய இசை படித்த ஒரு கிறிஸ்தவ அதிகாரியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் ஸ்வரம் சொல்ல மற்றவர் கோட்டின் மேல் புள்ளி வைக்கும் காட்சியை யோசித்துப் பாருங்கள். கமகம் வரும் இடத்திலெல்லாம் எத்தனை முறை பேனா நின்றிருக்கும்!

பணமும் பார்வையும் கைவிட்ட பிறகு, தன்னால் முடிக்க முடியாது என்பது முதலியாருக்குத் தெரிந்துபோனது. 1899இல் எட்டயபுரத்தில் இளைய ராஜா பட்டமேற்றார். முதலியார் அங்கே போனார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. சுப்பராம தீட்சிதரிடம் இருக்கும் பொக்கிஷத்தை அவரையே எழுதவைத்து, சமஸ்தானச் செலவில் அச்சிட வேண்டும் என்று கேட்டார். வித்தையை வெளியே கொடுக்க அந்தக் கால வித்வான்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். முதலியார் கேட்டு, ராஜா உத்தரவிட்டு, அப்புறம்தான் காரியம் நகர்ந்தது.

வேலை சில வருஷம் பிடித்தது. 1904இல் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், இரண்டு பாகமாக, ஏறத்தாழ 1700 பக்கம். முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. பழைய கீதங்கள், தானங்கள், வர்ணங்கள், பாட்டும் மெட்டும் தாமே செய்த வேறு வாக்கேயக்காரர்களின் உருப்படிகள் எல்லாம் தனி. ஆரம்பத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இசைவாணர்களின் வாழ்க்கைக் குறிப்புகள். இன்று நாம் 'தீட்சிதர் வாழ்க்கை' என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு, மேலே சொன்ன மணலிக் கதை உட்பட, இந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்ததுதான்.

புத்தகத்தின் அடுக்கு, பழைய இசை இலக்கண ஆசிரியர் வேங்கடமகியின் வழி. எழுபத்திரண்டு மேளம் (தாய் ராகம்), ஆனால் நாம் பாட வகுப்பில் படித்த பெயர்கள் அல்ல. கனகாங்கி இங்கே கனகாம்பரி, ஹனுமத்தோடி இங்கே ஜனதோடி, மேசகல்யாணி இங்கே சாந்தகல்யாணி. ஒவ்வொரு ராகத்துக்கும் முதலில் லட்சணம், பிறகு கீதம், தானம், கிருதிகள், கடைசியில் சுப்பராம தீட்சிதரே செய்த சஞ்சாரி. ஒரு ராகத்தை இலக்கணமாகச் சொல்லி, பிறகு அது எங்கெல்லாம் உலாவும் என்று பாடிக் காட்டியும் விடுகிறார்.

ஆனால் எனக்கு எப்போதும் கண் போய் நிற்பது ஸ்வரங்களின் தலைக்கு மேல் இருக்கும் குறிகளில்தான். முதலியார் முட்டிக்கொண்ட சுவர் எது? இரண்டு புள்ளிக்கு நடுவில் இருப்பதை எழுத முடியவில்லை என்பது. சுப்பராம தீட்சிதர் ஐந்து கோட்டை ஒதுக்கிவிட்டு ஸ ரி க ம எழுத்துகளையே வைத்துக்கொண்டார். குறில் நெடிலால் நேரத்தைக் காட்டினார். அதன்மேல் ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி. அலைபோல நெளியும் கோடு என்றால் கம்பிதம், அசைக்க வேண்டும். மேல்நோக்கிய சாய்வுக் கோடு ஏற்ற ஜாரு, கீழ்நோக்கியது இறக்க ஜாரு, வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வீணையில் அதே மெட்டின் மேல் (தந்தியை அழுத்தும் கட்டை) விரலை வைத்துக்கொண்டு தந்தியை ஒதுக்கி மேல் ஸ்வரத்தை வரவழைப்பது ஒதுக்கல். இவை போக ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒரிக்கை. தெலுங்குப் புத்தகம்தான், ஆனால் ஏற்றம், இறக்கம், ஒதுக்கல் என்று பெயர்களைப் பாருங்கள். வீணையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் பேசிய பாஷை அது.

இப்படிக் குறிபோட்டு எழுதினால் முழுப் பாட்டும் வந்துவிடுமா? வராது. குருவிடம் கேட்காதவன் இதை மட்டும் வைத்துக்கொண்டு பாடினால் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். கேட்ட காது உள்ளவனுக்கோ இது பெரிய கொடை. எந்த ஸ்வரம் அசையும், எது அசையாமல் நிற்கும் என்று 1904இல் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கமகக் குறியோடு இவ்வளவு பெரிய அளவில் அச்சான கர்நாடக இசை நூல் அதற்கு முன் கிடையாது. மேற்கத்திய முறையை வைத்து ஒருவர் தோற்றதால்தான் நம் முறைக்கு ஏற்ற குறியெழுத்தோடு இந்தப் புத்தகம் வந்தது என்று நான் நினைக்கிறேன். முதலியார் விடாமல் கேட்ட கேள்விக்கு சுப்பராம தீட்சிதரின் பதில் அது.

புத்தகம் வெளிவந்த அதே 1904இல் பம்பாயிலிருந்து ஒரு வக்கீல் எட்டயபுரம் வந்து இறங்கினார். பெயர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. தென்னாட்டு சங்கீதத்தைப் பார்க்கவேண்டும் என்று ஊர் ஊராக வந்தவருக்கு சுப்பராம தீட்சிதரின் சந்திப்பு பெரிய லாபம். வேங்கடமகியின் 'சதுர்தண்டி பிரகாசிகை'யும் எழுபத்திரண்டு மேளக் கணக்கும் அந்தப் பயணத்தின் வழியாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் இந்துஸ்தானி ராகங்களை அவர் பத்து தாட்களில் (நம் மேளம் போன்ற தாய் வகைகளில்) வகுத்தபோது அந்தக் கணக்கு பின்னால் நின்றது. வடக்கே சங்கீதக் கல்லூரிகளில் இன்றும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அந்தப் பத்துக்கு ஒரு வேர் எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் இருக்கிறது என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள்.

எட்டயபுரம் என்றதும் பாரதி நினைவு வராமல் இருக்காது. புத்தகம் அச்சில் இருந்த காலத்தில் அவரும் அதே அரண்மனையில் வேலை பார்த்தவர்தான். 1906இல் சுப்பராம தீட்சிதர் இறந்தபோது பாரதி ஓர் இரங்கற்பா எழுதினார். கர்ணனோடு கொடை போயிற்று, கம்பனோடு கவிதை போயிற்று, பார்த்தனோடு வீரம் போயிற்று என்பார்களே, அதுபோல சுப்பராமனோடு பண்வளம் போயிற்று என்கிறது அந்தப் பாட்டு. சமகாலத்து வித்வான்களைச் சரமாரியாகத் திட்டித் தீர்த்தவர் பாரதி. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அர்த்தம் தெரியாமல் பாடுகிறார்கள் என்று கட்டுரையே எழுதியவர். அவர் ஒரு வித்வானுக்கு இப்படி எழுதினார் என்பதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

அப்புறம் புத்தகத்துக்கு என்ன ஆயிற்று? கொஞ்ச காலம் வித்வான்களின் அலமாரியில் கிடந்தது. தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியாத தமிழ் வித்வான்களுக்கு அது பூட்டிய பெட்டி. சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து ஐந்து பாகமாக வெளியிட்டது, முதல் பாகம் 1961இல், கடைசிப் பாகம் 1983இல். இருபத்திரண்டு வருஷம்! அச்சிட்டவர்கள் எட்டயபுரத்தைவிட நிதானமாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். இதற்கிடையில் வாய்வழியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் டி.எல். வெங்கடராம ஐயர் கற்றார், டி.கே. பட்டம்மாளும் கற்றார். பட்டம்மாளின் தீட்சிதர் பாடாந்தரத்துக்குத் தனி மரியாதை வந்தது இந்த வழியால்.

இப்போது இந்தப் புத்தகம் தராசாகிவிட்டது. தீட்சிதர் பெயரில் இன்று புழங்கும் உருப்படிகள் 229ஐத் தாண்டி இன்னொரு மடங்கு இருக்கும். சீடர் வழியில் கிடைத்தவை, ஏட்டில் கிடைத்தவை, எங்கிருந்து வந்தன என்றே சொல்ல முடியாதவை என்று கலந்து கிடக்கின்றன. ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால் முதல் கேள்வி, 'பிரதர்சினியில் இருக்கா?' என்பதுதான். த்விஜாவந்தியில் 'அகிலாண்டேச்வரி ரக்ஷமாம்' கேட்டு உருகாதவர் கிடையாது. அது பிரதர்சினியில் இல்லை. அதே ராகத்தில் 'சேத ஸ்ரீ பாலக்ருஷ்ணம்' இருக்கிறது. அதனால் அகிலாண்டேச்வரி தீட்சிதருடையது இல்லை என்று ஒரு கட்சி. சுப்பராம தீட்சிதர் எல்லாவற்றையும் எழுதினார் என்று யார் சொன்னது என்று மறு கட்சி. என்னைக் கேட்டால், பாதி உதிர்ந்த அந்த ராகதாளமாலிகையை நினைத்துக்கொண்டு இரண்டாம் கட்சிக்குக் கொஞ்சம் காது கொடுக்கலாம். அந்த வீட்டிலும் பாட்டுகள் தொலைந்திருக்கின்றன.

இன்னொரு தகராறு, பழகிய பாட்டே புத்தகத்தில் வேறு மாதிரி இருப்பது. 'வாதாபி கணபதிம்' அங்கே மிகவும் அடக்கமாக இருக்கிறது. ஒரே வரியை மாற்றி மாற்றி வளர்த்துப் பாடுகிறார்களே, நாம் கச்சேரியில் கேட்கும் அந்த அடுக்கடுக்கான சங்கதிகள் மகா வைத்தியநாதய்யர் சேர்த்தவை என்று சொல்வார்கள். சுத்தம் பார்க்கிறவர்கள் சங்கதிகளைக் கழற்றிவிட்டுப் பாடுகிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் இது பிறகு சேர்ந்தது, அது முன்னால் இருந்தது என்று பிரித்துப் பார்க்க முடிகிறதே, அதற்கு வழி செய்தது ஓர் அச்சுப் புத்தகம்.

நொட்டு ஸ்வரங்களை சுப்பராம தீட்சிதர் மறக்கவில்லை. 1905இல் ஆரம்பப் பாடத்துக்கென்று 'பிரதமாப்யாச புஸ்தகமு' ஒன்று கொண்டுவந்தார். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட நொட்டுகள் இருக்கின்றன. கோட்டை பாண்டில் தாத்தா வீட்டார் கேட்ட மெட்டுகள், நூறு வருஷம் கழித்து, பேரன் கையால் அச்சேறின. அசைவில்லாத பாட்டுகள் என்பதால் அலைக்கோட்டுக்கும் ஏற்ற இறக்க ஜாருவுக்கும் அங்கே வேலை இல்லை. தீட்சிதர் பாட்டுகளில் ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒரு துளி சிந்தாமல் எழுதக்கூடியவை இவைதான், வந்த இடமே அது என்பதால். புதுப்பேட்டையில் கண் மங்க மங்க உட்கார்ந்து முதலியார் பிடிக்கப் பார்த்தது, ஐந்து கோட்டுக்குள் அடங்காத மற்ற எல்லாப் பாட்டுகளையும்.